மாடி வீட்டுப் பாக்கி மழை

பிரம்மசக்தியின் பங்கு அட்வான்ஸ் கரைந்து முடிந்த மறுநாள் காலை, மாடி வீட்டு ஹாலில் அவள் பாய் விரிக்கிற இடத்தில் மட்டும் மழை பெய்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கி, காக்கைகூடக் கம்பியில் உட்காராமல் நிழல் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் பொன்னியம்மன் நகர் ஆறாவது குறுக்குத் தெருவில் போர்வெல்லெல்லாம் மஞ்சளாகவும் உப்பாகவும் நாலு குடம் துப்பிவிட்டு வெறும் காற்று விட்டுக்கொண்டிருந்த நேரம். தண்ணீர் லாரி வருகிறது என்று யாராவது புரளி கிளப்பினாலே நிறைமாதக்காரிகூடக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரம். அப்படிப்பட்ட நேரத்தில் அவளுக்கு மட்டும் மழை. அதிலேயே தெரியவில்லையா, அவள் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரி என்று? நான் எதிர்வீட்டுக்காரி, எனக்கு அவளை முதலிலிருந்தே பிடிக்காது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு என்ன வந்தது.

மாடி வீடு என்பது அன்னமயில் அம்மாளின் வீட்டு மாடி. தேனிப் பக்கத்திலிருந்து வந்து, கணவர் விட்டுப்போன பணத்தில் அந்த வீட்டைக் கட்டி, கீழே தான் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விட்டிருந்தார். மேலே மூன்று பெண்கள்: ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற ஜெசிந்தா, பாத்திரக் கடையில் பில் போடுகிற கோமளவல்லி, ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பிரம்மசக்தி. ஹால் ஒன்று, அடுப்படி ஒன்று, வாடகை மட்டும் மூன்று பங்கு. யாருக்கு எவ்வளவு இடம் என்று சண்டை வந்தபோது கோமளவல்லிதான் கடையில் பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பைக் கொண்டுவந்து ஹால் தரையை மூன்றாகப் பிரித்து ஒட்டினாள். மாசியில் ஸ்கேன் சென்டரை மூடினார்கள். பிரம்மசக்தி வேலை தேடி அலைந்தாள், அவள் பங்கை அன்னமயில் அம்மாள் அட்வான்ஸில் கழித்துக்கொண்டே வந்தார், சித்திரையில் கழிக்க ஒன்றுமில்லாமல் போனது, கூரையும் அவளைக் கைகழுவிவிட்டது. பெய்த மழை அந்த டேப்பை ஒரு விரற்கடைகூடத் தாண்டவில்லை.

“என் யூனிஃபார்ம்ல தெறிக்குது, தள்ளிப் பெய்யச் சொல்லு!” என்று கத்தினாள் ஜெசிந்தா.

“ஏக்கா, நான் என்ன வேணும்னா செய்யுதேன்?” என்றாள் பிரம்மசக்தி, ஆறுமுகநேரிப் பேச்சில், தலைமுடி முகத்தில் ஒட்டிக்கிடக்க, நனைந்த தலையணையைப் பிழிந்துகொண்டே.

அன்னமயில் அம்மாள் மேலே வந்து பார்த்தார். மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தார். அங்கே வடாம் காய்ந்துகொண்டிருந்தது. வீடு கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஸ்திரி ஸ்டூல் போட்டு ஏறி, மழைக்குள் கையை விட்டு, விரல் முட்டியால் தளத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, இறங்கித் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார்.

“கான்கிரீட் கல்லு மாதிரி இருக்கும்மா. கட்டடத்துல ஒரு குறையும் இல்ல. ஆளுதான் ஒழுகுது.”

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாடகை கொடுப்பது எதற்கு, தலைக்கு மேலே ஒரு கூரைக்கு. கொடுக்காதவள் தலைக்கு மேலே கூரை இல்லை, அவ்வளவுதான் விஷயம். இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுக்காரர்கூட டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டே “நியாயமான கூரை” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவளுக்குக் கூரை தரக்கூடாது என்பதில் தெருவே ஒன்றாக இருந்தது. “காலி பண்ணிட்டுப் போயேண்டி” என்று கோமளவல்லி விடிந்தால் அடைந்தால் கரித்துக்கொட்டினாள். ஜெசிந்தா அவள் தட்டைத் தனியாக ஒதுக்கிவைத்தாள். மொட்டைமாடியிலாவது படுத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டதற்கு, வாடகைக்காரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை என்று அன்னமயில் அம்மாள் கதவில் பூட்டைத் தொங்கவிட்டார்.

“போயிருதேம்மா. ஆனா பாக்கி வச்சிட்டு ஓடுத ஆளு நானில்ல. ஒரு வேல கெடைக்கட்டும், துட்ட எண்ணி வச்சிட்டுத்தான் எறங்குவேன்” என்றாள் அவள்.

இந்த ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

தரை நாறிவிடும் என்று முதல் வாளியை வைத்தவள் கோமளவல்லிதான். வாளி நிறைந்தது. கொட்ட மனமில்லாமல் தலைக்குக் குளித்தாள், குளித்துவிட்டு முடியைத் தொட்டுப் பார்த்தாள், மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நார் நாராகிக்கிடந்த முடி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அப்புறம் அடுப்படி ஜன்னலைத் திறந்து, எதிரே துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “அக்கா, ஒரு குடம் எடுத்துட்டு வாங்களேன்” என்றாள். அந்தத் தண்ணீரில் அன்று நான் வைத்த பருப்பு, எத்தனையோ நாள் கழித்து, கரைந்து வெந்தது. என் பையன் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பருப்பு வெந்த சந்தோஷத்தில் நான் அழுதேவிட்டேன், அழுததை மறைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மாடிப்படி முழுக்கக் குடம் நின்றது. பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம், கைப்பிடி உடைந்து கயிறு கட்டிய குடம், பெயர் எழுதிய குடம், மூடி தொலைந்த பெயிண்ட் டப்பா. யாருக்கு முன்னால் யார் என்று இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, தெரு நலச் சங்கத்தின் செயலாளர் வைத்தியலிங்கம் சார் வந்து ஒழுங்குபடுத்தினார். ரிட்டயர் ஆன மனிதர், எதையும் பொறுமையாகப் பேசி முடிக்கிறவர். அவர் யோசனையில்தான் மழைக்கு அடியில் தகரத் தொட்டி அடித்து வைத்து, ஜன்னல் வழியாகக் குழாய் இறக்கி, அன்னமயில் அம்மாளின் கீழ்த்தொட்டியை நிரப்பி, அங்கிருந்து தெருவுக்கே விட்டோம். வாளி நிறையும்போது அன்னமயில் அம்மாள் ஏதோ வாங்கிக்கொண்டார், லாரிக்காரன் வாங்குவதைவிடக் குறைச்சல்தான், அதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. சங்கத்தில் அந்த அம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினோம். லாரி வந்தபோது டிரைவரைப் பார்த்துச் சிரித்து அனுப்பினோம்.

பிரம்மசக்தி தகரத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே உட்காருவாள், அவள் பங்கு அதுதானே. குடை பிடித்துக்கொண்டாள், குடையில் பட்டு மழை தொட்டிக்கு வெளியே தெறித்து வீணானதால் குடையைப் பிடுங்கி வைத்தோம். பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டாள். அதிலிருந்து சாயம் இறங்கித் தண்ணீர் நீலமானதால் அதையும் எடுத்தோம். அடுப்படி வாசலில் உட்கார்ந்து கண்ணயர்வாள், அது கோமளவல்லி எழுந்து கால் இடறும் வரைக்கும்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, செருப்பில் பூஞ்சை பிடித்து, இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. அவள் இருமும்போது கொஞ்சம் தள்ளி இருமச் சொன்னோம், குடிக்கிற தண்ணீர் இல்லையா. இவ்வளவு உபசாரம் வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற எனக்கு யார் செய்தார்கள்? ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறவள் என்ற நினைப்பு அவள் முகத்தில் இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லை. தூக்கக் கலக்கம்தான் இருந்தது. அதுவும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனியில் அவளுக்கு ஒரு துணிக் கம்பெனியில் பட்டன் தைக்கிற வேலை கிடைத்தது. ஈர உடையோடு போய் ஈர உடையோடு வந்தாள். முதல் சம்பளம் வாங்கிய அன்று சாயங்காலம், நோட்டுகள் நனையாமல் பால் கவருக்குள் போட்டுச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே வந்து அன்னமயில் அம்மாளின் வாசலில் நின்றாள். முகம் அன்றுதான் கொஞ்சம் மலர்ந்திருந்தது.

“இந்தாங்கம்மா, முதல்ல ஒரு மாசத்து வாடகை. மிச்சத்த அடுத்தடுத்து குடுத்துருதேன். இன்னைக்காவது காஞ்ச தரையில நீட்டிப் படுக்கணும்மா.”

அன்னமயில் அம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“இப்ப என்னத்தா அவசரம்? உன்னைய யாரு கேட்டா?”

“நீங்கதான கேட்டீங்க? நிதமும் கேட்டீங்க.”

“அது அப்ப. இப்ப வேணாம். போ, மேல போய் உக்காரு.”

அவள் புரியாமல் நின்றாள். நாங்கள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். ஒரு பங்கு கட்டினால் மழை எத்தனை பங்கு குறையும் என்று யாருக்குத் தெரியும்? வைத்தியலிங்கம் சார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

“கொஞ்சம் பொது நலத்தையும் யோசிக்கணும்மா. ஐப்பசி மழை வரட்டும். அப்புறம் தாராளமா கட்டு. இப்ப நீ வாடகை கட்டறது ரொம்ப சுயநலம்.”

“நனையுறது நான்லா சார்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். நீ ஒருத்திதானே நனையறே.”

அப்புறம் அவள் செய்த கூத்தைச் சொல்லி மாளாது. பணத்தைக் கதவு இடுக்கில் தள்ளினாள். அன்னமயில் அம்மாள் உள்ளேயிருந்து விளக்குமாற்றுக் குச்சியால் வெளியே தள்ளினார். போனில் அனுப்பினாள், பணம் போய்ச் சேர்ந்ததும் குழாய் ஒரு விக்கல் விக்கி மெலிந்தது, அன்னமயில் அம்மாள் பதறிப்போய் வந்த வழியே திருப்பி அனுப்பினார், குழாய் பழையபடி கொட்டியது, அன்றோடு அந்த வசதியையே போனிலிருந்து எடுத்துவிட்டார். மணியார்டர் போட்டாள், போஸ்ட்மேன் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறவர், அவர் வீட்டிலும் பருப்பு வெந்துகொண்டிருந்தது, ‘வாங்க மறுப்பு’ என்று எழுதித் திருப்பிவிட்டார். ஜெசிந்தாவிடம் கொடுத்து, சேர்த்துக் கட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். “உன் கணக்குல என்னை இழுக்காத” என்று ஜெசிந்தா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் பார்த்தாள். படியிலேயே வழிமறித்தோம். பெட்டியின் ஒரு காதை நான்தான் பிடித்திருந்தேன்.

“பாக்கி வச்சிட்டு எங்கடி ஓடுற?” என்று கேட்டாள் கோமளவல்லி.

“பாக்கிய வாங்க மாட்டேங்கிறீங்களே!”

“வாங்கறதும் வாங்காததும் ஓனரம்மா இஷ்டம். வச்சிட்டு ஓடறது தப்புதானே?”

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் பெட்டியை விட்டுவிட்டாள். ஓடிப்போனவள் என்ற பேரை அவளால் தாங்க முடியாது, அது எங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னோம். பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்தோம். அவள் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தாள். அழுதாளா என்று கேட்டால், மழையில் எப்படிச் சொல்வது.

நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் வாங்க மறுத்த பணமெல்லாம் அவளிடமே சேர்ந்துகொண்டிருந்தது.

ஆவணியில் அன்னமயில் அம்மாளின் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார்கள். சென்னையில் இருந்தால் என்ன, தேனிக்காரர்களுக்கு மொய் இல்லாமல் விசேஷம் கிடையாது. ஊரிலிருந்து வேனில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தெருவை அடைத்துப் பந்தல், பந்தல் வாசலில் மேஜை, மேஜையில் மைக், மைக்குக்கு முன்னால் அன்னமயில் அம்மாளின் கொழுந்தனார் மொய் எழுத உட்கார்ந்திருந்தார். பின்னால் மாடிக் குழாயை இழுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் சமையல் நடந்தது. அத்தனை சனத்துக்கும் தெருவே தண்ணீர் கொடுக்கிற பெருமையில் நாங்கள் பட்டுப்புடவையில் நடமாடினோம். பிரம்மசக்திக்கும் அழைப்பு இருந்தது. ஒரே வீட்டில் இருப்பவளைக் கூப்பிடாமல் விடுவது மரியாதை இல்லையே.

மொய் வரிசையில் அவள் நின்றதை எல்லோரும்தான் பார்த்தோம். ஈரப் புடவை நுனி மணலில் கோடு போட, எனக்கு நாலு பேருக்கு முன்னால் நின்றாள். இருக்கிற வீட்டுக்கு மொய் செய்கிற புத்தியாவது வந்ததே என்று நினைத்தேன். கொழுந்தனார் தேனியிலிருந்து வந்த மனிதர், மாடிக் கதை ஒன்றும் தெரியாது, காலையிலிருந்து எழுதிக் கை மரத்துப்போய்த் தலை நிமிராமல் கேட்டார்.

“ஊரு, பேரு?”

“ஆறுமுகநேரி, பிரம்மசக்தி.”

“என்ன வகை? தாய்மாமன் வகையா, சினேகித வகையா?”

“மாடி வீட்டு வாடகை வகை. சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும்.”

அவர் பணத்தை எண்ணினார், எழுதினார், மேலே ஒரு ரூபாய் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, பெட்டிக்குள் போட்டார், பழக்க தோஷத்தில் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார்.

“ஆறுமுகநேரி பிரம்மசக்தி அவர்கள், மாடி வீட்டு வாடகை, சித்திரை முதல் ஆவணி வரை, மொத்தமும் பெற்றுக்கொண்டோம், நன்றி! சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

நாலு கம்பத்தில் கட்டியிருந்த நாலு குழாய் ஒலிபெருக்கியும் அதைத் தெருவுக்குச் சொல்லின.

பின்பக்கத்திலிருந்து சமையல்காரரின் குரல் வந்தது. “ஏம்மா! பைப்பு காத்து விடுதும்மா!”

பேத்தியை மடியில் வைத்திருந்த அன்னமயில் அம்மாள், குழந்தையை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்தார். பந்தியில் சாம்பாரோடு கையை நீட்டியபடி எழுந்தவர்கள், கை கழுவ வழியில்லாமல் அப்படியே நின்றார்கள். “அதை எடுத்துக் குடுங்க! அவ பணம் வேணாம்! அடிச்சிருங்க!” என்று அன்னமயில் அம்மாள் மொய்ப் பெட்டிக்குள் கையை விடப் போனார். கொழுந்தனார் பெட்டியை மூடி அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“மதினி, என்ன பேச்சு பேசுறீக? எழுதுன மொய்ய அடிச்ச வம்சமா நம்ம வம்சம்? பச்சப்புள்ள காதுல ரத்தம் காயல.”

“அது மொய் இல்ல தம்பி, வாடக!”

“வாடகன்னா இன்னும் நல்லது. வாங்கிட்டம்ல?”

 

நாங்கள் மாடிக்கு ஓடினோம். மழை நின்றிருந்தது. பிரம்மசக்தி எங்களுக்கு முன்னால் போய், தகரத் தொட்டியைக் கவிழ்த்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஜெசிந்தாவின் துண்டால் தரையைத் துடைத்து, முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். பட்டப்பகலில், பட்டுப்புடவையும் காலிக் குடமுமாக நாங்கள் சுற்றி நின்று திட்டத் திட்ட, அவள் கையைத் தலைக்குக் கொடுத்து, வாயைப் பிளந்து, லேசாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள். ஜெசிந்தா ஒரு தட்டை எடுத்து அவள் காதருகே தட்டிப் பார்த்தாள். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. அந்தத் தூக்கத்தைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள். படியில் வழிமறிக்க எங்களுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, அவளிடம்தான் பாக்கியே இல்லையே. அன்னமயில் அம்மாளைப் பார்த்து, “வாரேம்மா, கணக்கு சரியாப்போச்சு” என்றாள்.  பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் இருமிக்கொண்டு போனது கேட்டது. போகட்டும், தரித்திரம்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுப் பருப்பு பழையபடி வேகாமல் கிடந்தது. என் பையன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். லாரிக்காரன் வந்தான், எங்களைப் பார்த்துச் சிரித்தான், விலையை ஏற்றினான். அன்னமயில் அம்மாள் மாடியைச் சும்மா கொடுக்கிறேன் என்று சொல்லி இரண்டு பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பார்த்தார். சும்மா இருப்பவர்களுக்குப் பாக்கி ஏது, ஒரு சொட்டு விழவில்லை. கொடுக்க வேண்டும், கொடுக்க மனசும் இருக்க வேண்டும், கையில் மட்டும் இருக்கக் கூடாது. அப்படி ஒருவர் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் வைத்தியலிங்கம் சார் மிகவும் பொறுமையாக விளக்கினார்.

மாடியில் மிச்சமிருந்தது இரண்டு பேர். மூன்று பங்காக இருந்த அதே வாடகை இரண்டு பங்கானது. மாதக்கணக்கில் மழை பெய்த ஹாலுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் தரையைப் பெயர்த்துப் போடவும் ஆன செலவை அன்னமயில் அம்மாள் அந்த இருவரின் அட்வான்ஸிலேயே கழித்துக்கொண்டார், அதுவும் நியாயம்தான், வேறு யாரிடம் கழிப்பார். ஜெசிந்தாவின் ஆஸ்பத்திரி எங்கள் கைக்கு எட்டாத இடம். கோமளவல்லி பில் போடுகிற பாத்திரக் கடையின் முதலாளி எங்கள் தெருமுனை வீட்டுக்காரர். அவர் வீட்டிலும் கீழ்த்தொட்டி காலிதான். யார் போய்ப் பேசியது என்று கேட்காதீர்கள், எல்லோரும்தான் போனோம்.

புரட்டாசி பிறந்து, வாடகைக்குக் கெடு வைத்த தேதியில், கடையில் வேலை போய், கோமளவல்லி மத்தியானமே வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஹாலில் தன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நாங்கள் சத்தம் போடாமல் படியேறிப் போய்ச் சுற்றி நின்றோம். அவள் எங்கள் இடுப்பிலிருந்த குடங்களைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி குடங்களைப் பார்த்தாள்.

“அக்கா, நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?” என்று என்னைக் கேட்டாள்.

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, சும்மா உட்காரு” என்றேன் நான்.

முதல் சொட்டு அவள் வகிட்டில் விழுந்தது. நான் குடத்தைக் கொஞ்சம் இடது பக்கமாக நகர்த்தி வைத்தேன்.